காற்றுத் துப்பாக்கியின் குழலளவு

சென்ற பருவத்தின் இறுதியில் நம் மாணாக்கர் இருவர் ஒரு வழக்கைத் தீர்த்துவைக்குமாறு நம்மிடம் வந்தனர். இருவரும் உற்ற நண்பர். தத்தம் கைப்பணத்தைச் சேர்த்து ஒரு காற்றுத் துப்பாக்கி வாங்கக் கருதியவர். ஒருவர் தியாகராய நகரில் பாண்டி பஜாருக்கு அணித்தான ஒரு தெருவில் வசிப்பவர். வீட்டு மாடியைப் புறாக்களும் கொல்லையைப் பெருச்சாளிகளும் கைப்பற்றிக்கொண்டன என்பது அவர் முறையீடு. மற்றவர் அடையாற்றினர், அவருக்குப் பிராணிகளோடு பகையொன்றுமில்லை, தாளில் எழுதிய வட்டத்தின் நடுவைத் துளைக்கவேண்டும் என்பதே அவர் அவா. முன்னவர் 5.5 மில்லிமீட்டர் குழலே வேண்டும் என்றார், பின்னவர் 4.5 மில்லிமீட்டர் குழலே வேண்டும் என்றார். துப்பாக்கியோ ஒன்று. இவ்வழக்கிற்கு அன்று நாம் வாய்மொழியாகச் சொன்ன விடை அரைகுறையாய் இருந்தமையால், அதனை இங்கே சற்று விரித்து எழுதத் துணிந்தோம்.

குழலளவு என்பது துப்பாக்கிக் குழலின் உள்விட்டமே. ஆங்கில அங்குலக் கணக்கில் 0.177 என்பதும் மெட்ரிக் கணக்கில் 4.5 மில்லிமீட்டர் என்பதும் ஒன்றே. அங்ஙனமே 0.22 என்பது 5.5 எனப்படும். கடைக்காரர் முன்னதை ‘ஒன் செவன்டி செவன்’ என்றும் பின்னதை ‘டூ டூ’ என்றும் சொல்லுவர். 5 மில்லிமீட்டரும் 6.35 மில்லிமீட்டரும் உள. அவை நம்மவர் கைக்கு அரிதாகவே வருவன ஆதலின் அவற்றை விடுவோம். தேசிய மாணவர் படையிற் பயின்ற நம் பிள்ளைகள் ஒன்றை மட்டும் மனத்திற் கொள்ளவேண்டும். அவர்கள் அணிவகுப்பு மைதானத்திற் சுட்டுப் பழகிய ‘பாயின்ட் டூ டூ’ துப்பாக்கி வெடிமருந்தினால் இயங்குவது. காற்றுத் துப்பாக்கியின் 0.22 அதனோடு அளவிற்றான் ஒக்குமேயன்றி ஆற்றலில் ஒவ்வாது. ஒன்றன் தோட்டாவை மற்றதில் இடலாகாது; இடவும் இயலாது.

காற்றுத் துப்பாக்கி என்றவுடன் சிறுவர் விளையாட்டுக் கருவி என்று நகைப்பாரும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆஸ்திரியப் படையினர் ஜிரார்டோனி என்பவர் அமைத்த காற்றுத் துப்பாக்கியைப் போரிலே தாங்கினர். 1804 இல் அமெரிக்கக் கண்டத்தைக் குறுக்கே கடக்கப் புறப்பட்ட லூயிஸ், கிளார்க் என்போரும் ஒரு காற்றுத் துப்பாக்கியை உடன்கொண்டு சென்றனர். இன்று நாம் கடையில் வாங்குவது பெரும்பாலும் ஸ்பிரிங் அமைந்தது. குழலை மடித்தால் வலிய சுருள் ஒன்று சுருங்கிப் பூட்டிக்கொள்ளும்; விசையை இழுத்தவுடன் அது விடுபட்டுப் பிஸ்டனை முன்னே தள்ள, பிஸ்டன் காற்றை நெருக்க, நெருங்கிய காற்று ஈயக்குண்டை வெளியே உந்தும். இவ்வளவும் இமைப்பொழுதிற்குள் நிகழினும், குண்டு குழலை விட்டு நீங்குமுன்னரே சுருளும் பிஸ்டனும் துப்பாக்கியை ஒரு முறை முன்னும் பின்னும் உலுக்கிவிடும். ஆதலின் இதனை இறுகப் பிடிப்பவன் குறி தவறுவான். உள்ளங்கையில் மெல்லத் தாங்குபவனே எய்துவான்.

இனிக் கணக்கிற்கு வருவோம். 4.5 மில்லிமீட்டர்க் குண்டின் நிறை ஏறத்தாழ 0.53 கிராம், 5.5 மில்லிமீட்டர்க் குண்டு 0.95 கிராம் அளவில் இருக்கும். இரண்டையும் 16 ஜூல் ஆற்றலோடு செலுத்துவதாகக் கொள்வோம். நிறையிற் பாதியை வேகத்தின் வர்க்கத்தாற் பெருக்க ஆற்றல் வரும் என்பது பௌதிக வகுப்பில் யாவரும் அறிந்ததே. அதன்படி சிறு குண்டு நொடிக்கு 246 மீட்டர் வேகத்தோடும், பெருங்குண்டு 184 மீட்டர் வேகத்தோடும் குழலை விட்டு நீங்கும். காற்றின் தடையை ஒதுக்கி நோக்கின், 30 மீட்டர் தூரம் செல்வதற்குள் சிறு குண்டு 7 சென்டிமீட்டர் அளவு கீழே தாழும். பெருங்குண்டோ 13 சென்டிமீட்டர் தாழும். 25 மீட்டரில் உள்ள பொருளை 30 மீட்டரில் உள்ளதாக மயங்கியவனுக்குச் சிறு குண்டினால் வரும் பிழை 2 சென்டிமீட்டர். பெருங்குண்டினால் வருவது 4. உண்மையிற் காற்று இரண்டையும் தடுக்குமாகையால் தாழ்வு இதனினும் மிகும்.

இதனாற் பெறப்படுவது யாது? தூரத்தைக் கண்ணால் மதிப்பிடுவதில் தவறு செய்வோனை, அதாவது நம்மில் எல்லோரையும், சிறு குழல் ஓரளவு மன்னிக்கும், பெருங்குழல் மன்னியாது. பெருங்குழலுக்கும் ஒரு சிறப்பு உண்டு. அதன் குண்டின் முகப்பரப்புச் சிறியதனினும் ஒன்றரை மடங்கு. பட்ட இடத்தில் ஆற்றலை விரைந்து சொரிந்து நின்றுவிடும் தன்மையது. சிறு குண்டு சில வேளை ஊசிபோல் ஊடுருவிப் போய்விட, அடிபட்ட பிராணி ஓடி ஒளிந்து நெடுநேரம் துன்புற்று மடியும். மேல்நாட்டு வேட்டை நூல்கள், தாளுக்கு 4.5 என்றும் முயலுக்கும் எலிக்கும் 5.5 என்றும் வகுத்ததற்குக் காரணம் இதுவே. அவ்வளவில் நம் நண்பர் இருவரும் தத்தம் கட்சிக்குச் சான்று உடையவரே.

ஆயினும் அந்நூல்கள் எழுந்த நிலம் வேறு. இங்கிலாந்தின் பண்ணையாட்சி ஒருவன் தன் வைக்கோற் களஞ்சியத்தில் நின்று, சுற்றிலும் தனக்கே உரிய வயல் பரந்து கிடக்க, ஒரு முயலை நோக்கிச் சுடுவதை எண்ணி எழுதப்பட்டவை அவை. மயிலாப்பூரில் மாடவீதியை அடுத்த சந்துகளை அவ்வாசிரியர்கள் கண்டாரல்லர்.

முதலில் தாளின் கட்சியை முடித்துவிடுவோம், அது எளிது. 1984 முதல் ஒலிம்பிக் விளையாட்டுகளில் நடைபெறும் 10 மீட்டர்க் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் 4.5 மில்லிமீட்டர் அன்றி வேறு குழலுக்கு இடமில்லை. இலக்குத் தாளின் வட்டங்கள் எல்லாம் சேர்ந்தும் 45.5 மில்லிமீட்டரே, அவற்றின் நடுவிலுள்ள பத்தாம் எண் அரை மில்லிமீட்டர்ப் புள்ளி, எழுதுகோலின் நுனியால் ஒற்றியதுபோல் இருக்கும். போட்டிக் குண்டின் முகம் தட்டையாய் இருப்பதும் காரணத்தோடுதான். தாளைக் கிழியாமல் வட்டமாக வெட்டி எடுப்பதால் எண்ணைப் பிழையறக் கணிக்கலாம். 2008 ஆகஸ்டில் பெய்ஜிங் நகரில் அபினவ் பிந்திரா இறுதிக் குண்டிற்கு முன் பின்லாந்து வீரர் ஒருவரோடு சமநிலையில் நின்றார். அக்குண்டில் அவர் பெற்றது 10.8, பெறத்தக்க பேரளவே 10.9. தனியொருவராக ஒலிம்பிக்கிற் பொன் வென்ற முதல் இந்தியர் அவர். 2012 இல் லண்டனில் இதே போட்டியில் வெண்கலம் பெற்ற ககன் நாரங் பிறந்தது நம் சென்னையிலே; 2019 இல் ரியோவில் உலகக் கோப்பைப் பொன் வென்ற இளவேனில் வாலறிவன் பிறந்தது கடலூரில். இவர்கள் அனைவரும் கையாண்டது அச்சிறு குழலே.

இந்த 10 மீட்டரைப் பற்றி மற்றொன்று சொல்லவேண்டும். நம் நகரத்தில் மனையைக் கிரவுண்டுக் கணக்கில் அளப்பது வழக்கம். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. பெரும்பாலும் 40 அடி அகலமும் 60 அடி நீளமும் உடையது. 60 அடியென்பது 18 மீட்டருக்குச் சற்று மேல். ஆகவே உலகத்தார் போட்டியிடும் தூரம் நம் பழைய வீடொன்றின் பக்கவாட்டு நடையிலே அடங்கிவிடும். வேறெந்த விளையாட்டிற்கு இவ்வசதி உண்டு? கிரிக்கெட்டிற்குத் தெருவையன்றோ தேடி ஓடுகிறோம்!

இனிப் புறாவும் பெருச்சாளியும்.

சட்டம் யாது கூறுகின்றது என்பதை முதற்கண் அறிவது நலம். 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழ் 2016 இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி, குழல் 4.5 மில்லிமீட்டருக்கும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மிகாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டுவதில்லை. இவ்விரண்டில் ஏதேனும் ஒன்று மிகினும் உரிமம் வேண்டும். ஆகவே 5.5 வேண்டுமென்ற தியாகராய நகர் நண்பர், கடைக்குச் செல்லுமுன் உரிமம் வேண்டி விண்ணப்பிக்கவேண்டியவர் ஆகிறார். இதனைக் கேட்டபோதே அவர் முகம் சற்று வாடிற்று.

பிராணிகளைப் பற்றிய சட்டமும் முன்போல் இல்லை. 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ஐந்தாம் அட்டவணை என ஒன்று இருந்தது. காகம், பழந்தின்னி வௌவால், எலி, சுண்டெலி ஆகியவை அதில் தீங்குயிர்கள் என எண்ணப்பட்டிருந்தன. 2022 இற் செய்யப்பட்டு 2023 ஏப்ரல் முதல் நடப்பிற்கு வந்த திருத்தத்தால் அவ்வட்டவணையே நீங்கிவிட்டது. கிளியையோ மைனாவையோ சுடுவது முன்னும் குற்றம், இன்னும் குற்றம். அடையாற்றிலும் கிண்டியிலும் மரமடர்ந்த இடங்களில் வாழ்வோர், தம் மதிலுக்கு அப்பால் புள்ளிமானும் வெளிமானும் திரியும் தேசியப் பூங்கா இருப்பதையும் மறக்கலாகாது.

சட்டத்தை அறிவதற்கு முன்பே நாம் ஒன்றை அறிந்துகொண்டோம். அதனைச் சொல்ல இதுகாறும் தயங்கியே வந்தோம்.

ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன், மயிலையிற் சித்திரக்குளத்திற்கு அருகே நாம் குடியிருந்த காலத்தில், உறவினர் ஒருவர் ஊர்விட்டுப் பெயர்ந்தபோது தம் பழைய 5.5 காற்றுத் துப்பாக்கியை நம் வீட்டில் வைத்துச் சென்றார். கோடை விடுமுறை, மொட்டை மாடியில் வடாம் காய்ந்துகொண்டிருந்தது, காகங்களின் தொல்லை பொறுக்கமுடியவில்லை. கறுப்புத் துணி கட்டியும் பயனில்லாமற் போகவே, வீட்டில் எவருமில்லாத ஒரு பகலில் துப்பாக்கியை மாடிக்கு எடுத்துச் சென்றோம். நீர்த்தொட்டியின் விளிம்பில் ஒரு காகம் அமர்ந்தது. சுட்டோம். காகம் பறந்துபோயிற்று. இரும்புக் குழாயில் ‘டங்’ என்றோர் ஓசை, அவ்வளவே. பின் நிகழ்ந்தது யாதெனில், அக்காகம் தன் இனத்தாரையெல்லாம் கூவியழைக்க, நாழிகை ஒன்றாயிற்று எம்மால் மாடிப் படியினின்று தலையை வெளியே நீட்ட. வடாமிற் பாதியும் போயிற்று.

மாலையில் அடுத்த வீட்டுப் பாட்டியார் வந்தார். ஓடு வேய்ந்த அவ்வீட்டின் தாழ்வாரத்தில், பேரக் குழந்தையைத் தூளியில் இட்டு, அருகே அமர்ந்து முறத்தில் அரிசி பார்ப்பது அவர் வழக்கம். முந்தானையை அவிழ்த்து, நசுங்கிய ஈயக்குண்டு ஒன்றை நம் கையில் வைத்தார். “அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன், இது அகப்பட்டது. உன்னுடையதுதானே, அப்பா?” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை, நம் பெற்றோரிடமும் சொல்லவில்லை. முறத்திற்கும் தூளிக்கும் இடையே இருந்த தூரம் இரண்டு முழம் என்பது நமக்குத் தெரியும். அக்குண்டு இன்றும் நம் பேனாப் பெட்டியில் இருக்கின்றது. பின்னொரு நாள் பௌதிகச் சாலையின் தராசில் அதனை நிறுத்துப் பார்த்தோம், 0.9 கிராமிற்குச் சிறிது குறைவாக இருந்தது.

குழலளவை எவ்வளவு நுட்பமாகத் தேர்ந்தாலும், காகம் அமரும் இடம் எப்போதும் வானத்தை நோக்கியதே. மேல்நோக்கிச் சுட்ட குண்டு காகத்திற் படாவிடின் நூறு கஜத்திற்கும் அப்பால் எங்கேனும் விழும். நம் தெருக்களில் ‘எங்கேனும்’ என்பதற்கு ஒரு வீட்டு எண் உண்டு. குழாயிலும் கம்பியிலும் பட்டுத் தெறிக்கும் குண்டிற்கோ திசையே இல்லை. இது 4.5 ஆயினும் 5.5 ஆயினும் ஒக்கும். கண்ணிற் பட்டால் இரண்டும் ஒன்றே.

பயனையாவது ஆராய்வோம். ஒரு பெருச்சாளியைச் சுட்டால் அதன் வளை வெறிதாகும். உணவு அங்கேயே கிடக்குமாயின் மற்றொன்று வந்து குடிபுகும். (ஆங்கிலத்தார் இதனை ‘பேண்டிகூட்’ என்பது ‘பந்தி கொக்கு’, அதாவது பன்றியெலி, என்னும் தெலுங்குச் சொல்லின் திரிபே, நம் அண்டை மொழி உலகிற்கு அளித்த கொடைகளுள் இதுவும் ஒன்று.) அது இரவில் வெளிப்படுவது, இரவிற் சுடுவோன் குறிக்குப் பின்னால் நிற்பது சுவரா ஆளா என்பதை அறியான். மழைநாளில் எலிக்காய்ச்சலை அஞ்சுவோர் செய்யத்தக்கது சாக்கடை வாயிற்கு இரும்பு வலையிடுதலும், குப்பைத் தொட்டிக்கு மூடி இடுதலும், வளைகளைக் கண்ணாடித் துண்டும் சிமென்டும் கலந்து அடைத்தலுமே. வெண்கூகை பழங்கட்டடங்களிலும் கோயிற் கோபுரங்களிலும் இருந்து ஒவ்வோரிரவும் எலி பிடிக்கின்றது. அதனை அபசகுனம் என்று விரட்டாதிருப்பதும் ஓர் உபாயம். புறாவிற்கு வலை கட்டுதலே மருந்து. காகத்தைக் கொன்று தீர்த்தால், அதன் கூட்டில் முட்டையிடும் குயிலை எங்கே தேடுவது?

நம் முன்னோர் இவ்வழக்கை அறியாதவர் அல்லர். தினைப்புனம் காத்த குறமகளிர் கையில் தழல், தட்டை, குளிர் முதலிய கிளிகடி கருவிகள் இருந்தன எனக் கபிலரின் குறிஞ்சிப்பாட்டால் அறிகிறோம். அவை ஓசையெழுப்பி ஓட்டும் கருவிகள். ஒரு பருவத்தின் விளைவு முழுவதும் இழக்கப்படும் நிலையிலும் அவர்கள் நாடியது கிளியின் நீக்கத்தையே, கிளியின் உயிரை அன்று. விளையாட்டாக விட்ட உண்டையைப் பற்றியும் நம் இலக்கியம் அறியும். இளமையில் இராமன் வில்லினின்று சென்ற மண்ணுண்டை கூனியின் முதுகிற் பட்டதென்றும், அதனை அவள் மறவாது வைத்திருந்தாள் என்றும் கம்பர் அமைத்தார். அயோத்தியின் துயரெல்லாம் ஒரு சிறுவன் எய்த சிற்றுண்டையினின்று கிளைத்தது என்பதை மாணாக்கராய் இருந்தபோது நாம் மிகைப்படுத்திய கற்பனை என்று எண்ணினோம். முறத்தில் விழுந்த குண்டிற்குப் பின் அங்ஙனம் எண்ணவில்லை.

எல்லாச் சிறுவரும் நம்மைப்போற் பயனின்றிச் சுட்டார் என்பதும் இல்லை. பறவை நூலறிஞர் சாலிம் அலி, தாய்மாமன் தந்த விளையாட்டுக் காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியை வீழ்த்தினார். அதன் கழுத்தில் மஞ்சள் நிறம் கண்டு வியந்து, 1908 இல் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் செயலாளர் மில்லார்டிடம் எடுத்துச் சென்றார். அவர் திறந்து காட்டிய பறவைப் பேழைகளே சிறுவனின் வாழ்க்கையைத் திருப்பின. 1985 இல் வெளிவந்த தம் சுயசரிதைக்கு அக்குருவியின் பெயராலேயே தலைப்பிட்டார். அவர் அதனைக் கையில் எடுத்து உற்று நோக்கினார். சுடுவோரில் மிகுதியானோர் அதனைச் செய்வதில்லை.

இனி நண்பர் இருவருக்கும் நாம் கூறிய முடிபு: 4.5 மில்லிமீட்டர், அதுவும் தாளுக்கே. வாங்கும்போது பேராற்றல் வேண்டா. 10 மீட்டர்ப் போட்டித் துப்பாக்கிகளே 8 ஜூல் அளவில்தான் இயங்குகின்றன. ஆற்றல் மிகமிக ஸ்பிரிங்கின் உலுக்கலும் மிகும். கற்போனுக்கு அது பகை. எஃகுக் குண்டுகளை வாங்கலாகாது. அவை குழலின் வரிகளைத் தேய்ப்பதோடு சுவரிற் பட்டுச் சுட்டவன் மீதே மீளும். ஈயக்குண்டிலும் 4.49, 4.50, 4.51 என்று நுண்ணிய வேறுபாடுகள் உண்டு. எது உகந்தது என்பதைக் கடைக்காரர் சொல்லார்; குழலே சொல்லும். துப்பாக்கியை மணற்பைமீது தாங்கி, ஒவ்வொரு வகையிலும் ஐந்து குண்டு ஒரே குறியை நோக்கிச் சுடுக. எவ்வகையின் ஐந்து துளைகளும் மிக நெருங்கி விழுகின்றனவோ அதுவே அக்குழலுக்கு உரியது. அவை நடுவில் விழவேண்டுவதில்லை, நடுவிற்குக் கொண்டுவருவது குறிமுனையைத் திருத்துவோன் வேலை.

இலக்கின் பின்னே மணல் நிரப்பிய பெட்டியும், அதன் பின்னே சன்னலற்ற சுவரும் இருக்கவேண்டும். பக்கத்திற் கதவு உண்டாயின் அது பூட்டப்பட்டுத் திறவுகோல் சுடுவோன் பையில் இருக்கவேண்டும். உடனிருப்போர் அனைவரும் சுடுவோனுக்குப் பின்னே நிற்க. விரல் விசையைத் தொடுவது குறி பார்த்த பின்னரே. ஈயம் நஞ்சாதலின், முடிந்தவுடன் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவாமல் பலகாரத்தைத் தொடவேண்டா. முறையாகக் கற்க விரும்புவோர் நகரிலுள்ள ரைபிள் சங்கத்தை அணுகுவது மேலானது. பயிற்றுவோர் கண்முன் ஒரு மாதம் பயில்வது தனியே ஓராண்டு பயில்வதற்கு நிகர்.

தியாகராய நகர் நண்பர் மாடிக்கு நைலான் வலை கட்டிவிட்டார். புறாக்கள் எதிர்வீட்டிற்குக் குடிபெயர்ந்தன என்று கேள்வி. ஞாயிறுதோறும் அவர் அடையாற்றிற்குச் செல்கிறார். இருவரும் பக்கவாட்டு நடையில் நாடாப் பிடித்து 10 மீட்டர் அளந்து கோடிட்டிருக்கின்றனர். சென்ற வாரம் நமக்குக் காட்டிய தாளில் ஐந்து துளைகளும் ஓர் எட்டணாக் காசின் அளவிற்குள் அடங்கியிருந்தன. தேதியிட்டு வைக்கச் சொன்னோம்.